தடி சைலன்சரும் ரெண்டாவது சீட்டும்

சூடான இரும்பு, பெட்ரோல், உப்புக்காற்று... மூன்றும் கலந்த அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் ஷெட் ஞாபகம்தான்.

தூத்துக்குடி ஹார்பரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் செல்வின், உப்பளத்துப் பக்கம் ஒரு ஷெட் போட்டு, ரெண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் ஆளாளுக்குக் கிண்டல். எனக்கு ஒரே ஆசைதான். அந்த ரெண்டாவது சீட்டில் உட்கார்ந்து, கரைக்கு எதிரே கடலில் இருக்கும் முயல்தீவை மேலே இருந்து பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் கூடி வந்தது, சைலன்சரைத் தவிர.

அவர் மாட்டியிருந்தது பழைய ஜப்பான் கார் ஒன்றின் ரோட்டரி இன்ஜின். மற்ற இன்ஜின்களைவிட அதன் புகை பயங்கரச் சூடு. முதலில் போட்ட இரும்பு சைலன்சரின் உள்தகடு சீக்கிரமே எரிந்து தூள்தூளாக வெளியே வந்தது. அடுத்து லேசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்... வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல்.

துபாயில் இருந்த காயல்பட்டினத்து நண்பர் கரீமுக்குப் போன் போட்டார். "ஏலே, நல்லா தடியா, ரொம்ப நாள் உழைக்குத மாதிரி ஒரு மஃப்ளர் வாங்கிட்டு வா."

நம்மூரில் சைலன்சர் என்றால்தானே தெரியும்? சைலன்சரை மஃப்ளர் என்று இவர் சொன்னது இன்டர்நெட்டில் படித்த இங்கிலீஷ். லீவில் வந்த கரீம் அண்ணன் பெட்டியைத் திறந்தால்... கழுத்தில் சுற்றுகிற கம்பளி மஃப்ளர்!

"தூத்துக்குடி வெயில்ல இவனுக்கு எதுக்குன்னு நானும் யோசிச்சேன். பொறவு, மேல பறக்கப்போறவனுக்குக் குளுரும்லான்னு வாங்கிட்டேன்" என்றார் பாவம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

கடைசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லி, கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் செய்து வாங்கினார். எவ்வளவு ஓட்டியும் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்தார்.

"ஏளா, உன் வெயிட் எவ்வளவு?"

"என்ன கேள்வி கேக்குதிய?" வந்த கோபத்தில் டம்ளரை டொக்கென்று வைத்தேன்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். தடி சைலன்சரின் கனத்தோடு விமானம் ரெண்டு பேரைத் தூக்காது. லேசானதைப் போட்டால் நானும் போகலாம். ஆனால் பறக்கும்போது அது விரிசல் விட்டால் தீப்பிடிக்கும்.

"தடியானதையே போடுங்க. நான் கீழ நின்னு கையாட்டுதேன்" என்றேன்.

தடியானதைத்தான் போட்டார். பறக்கத்தான் இல்லை. "நீ இல்லாம மேல போயி, அங்கன பாருன்னு யார்ட்ட காட்ட?" என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அந்த மனுஷன்மேல் வந்த பிரியம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்போதெல்லாம் இன்ஜின் ஓடினால், தீயணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நானும் அந்த ரெண்டாவது சீட்டில் ஏறிக்கொள்கிறேன். விமானத்தை ஷெட் வாசலிலேயே நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, கதை பேசிக்கொண்டிருப்போம். அந்த சைலன்சர் புண்ணியத்தில் ரொம்பக் கத்த வேண்டியதில்லை. ஆனாலும் மேலே போகவில்லையே என்று ரெண்டு பேருக்கும் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது.

கொஞ்ச நாளாக நான் ராத்திரி சோற்றை விட்டுவிட்டேன். சுகருக்காக என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஃபேஸ்புக் பக்கமே வராத மனுஷன்... யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.