வெள்ளை வைனும் நெத்திலிச் சம்பலும்

1979 ஆகஸ்ட் 14, செவ்வாய். வழக்கம்போல் விடியலில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுக்குச் சமைக்கப் போனேன். தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதுத் துரை, தொழிலாளிகள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

அன்று இரவு ஒரு தமிழ் டாக்டருக்கு விருந்து. பிரெஞ்சு வெள்ளை வைன். அதற்குப் பொருத்தமாக வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து மீன் அவித்தேன். துரை தினமும் கேட்பாரே என்று காய்ந்த நெத்திலியை மிளகாய் விழுதில் வதக்கிய நெத்திலிச் சம்பலையும் மேசையில் வைத்துவிட்டேன்.

துரை கத்தினார். “யாரு இந்த நாத்தத்த வைக்கச் சொன்னா? வைனே கெட்டுப்போகும் லா. லயத்துப் புத்தி!”

“நேத்து மூணு கரண்டி வாங்கித் தின்னீங்களே துரை, அப்ப நாறலையா?” என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார்.

“நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத,” என்றார் துரை.

வெள்ளைக்காரத் துரைகளுக்கு எங்கள் லயத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. இவருக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு வெறுப்பு.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கங்காணியிடம் போய், கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்தேன்.