ஒரு லொறி, இரண்டு கொப்பி

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு நடந்தே போனேன். தோட்டத்து லொறியில் எனக்கு இடமில்லை. அந்த லொறியை யாருக்கு, எப்போது கொடுப்பது என்று எழுதுகிற கிளாக்கரே நான்தான்!

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மேல்பிரிவில் ஓர் ஆபீஸ், கீழ்பிரிவில் ஓர் ஆபீஸ். லொறி மட்டும் ஒன்றே ஒன்று. அதைக் கேட்க மேல்பிரிவு ஜனங்கள் மலை இறங்க வேண்டாமே என்று நான் மூளையைக் கசக்கினேன். லொறி யாருக்கு என்று எழுத இரண்டு ஆபீசிலும் ஒரே மாதிரி கொப்பி, அதாவது நோட்டு. எங்கே எழுதினாலும் உடனே போனில் அடுத்த ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

போன் வயர் அறுந்தால்? அதற்கும் வழி வைத்திருந்தேன் — இரண்டு வயர்! தோட்டத்து மேலாளர் துரையே தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டையும் ஒரே சவுக்கு மரத்தில் கட்டியிருந்தேன் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை... நானும் சொல்லவில்லை.

காற்றடித்தது. மரம் விழுந்தது. போன் ஊமையானது. மேல்பிரிவு ஆபீசைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா, முத்தையா மகள் செல்வியின் கல்யாணத்துக்குக் கோயில் போக ஞாயிறு காலை லொறியை எழுதிக் கொடுத்தார். கீழே நான், மாதா கோயில் திருவிழாவுக்கு அந்தோனியார் சொரூபம் கொண்டுபோக சூசைக்கு எழுதிக் கொடுத்தேன். அதே ஞாயிறு, அதே காலை! லைன் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. ஓர் ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாம்தான். சோம்பல்!

லைன் வருமுன் ஞாயிறு வந்துவிட்டது. இரண்டு கூட்டமும் லொறியடியில் வந்து நின்றன.

"ஒம்பது மணிக்கு முகூர்த்தம்ங்க. நேரம் தப்பினா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க!" என்று முத்தையா நடுங்கினார்.

"பூசைக்குச் சாமியாரு காத்துக்கிட்டிருக்காரு. கொப்பியில எங்க பேருதான் இருக்கு!" என்றார் சூசை.

யார் சொல்வது சரி? கொப்பிப்படி இரண்டு பேருமே சரி. எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

மாலையும் கழுத்துமாக நின்ற செல்விதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு கோயிலும் கொட்டகலை ரோட்டுலதான இருக்கு? அந்தோனியார டிரைவர் பக்கத்துல வைங்க, ஒடையாம வருவாரு. நாங்க எல்லாரும் பின்னால ஏறிக்கிறோம். நேரம் போகுதுப்பா!"

அப்பாடா என்று நானும் லொறியில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

"கிளாக்கரய்யா, இடமில்லீங்க. அடுத்த வயர எங்க கட்டலாம்னு பாத்துக்கிட்டே குறுக்குப் பாதையில நடந்து வாங்க!" என்றாள் செல்வி.

லொறியே குலுங்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் கிடைத்தது.

இப்போது போன் ஊமையானால் மேல்பிரிவில் பேனாவைத் தொடக்கூடாது, கீழே மட்டும்தான் எழுதலாம் என்று உத்தரவு. இரண்டாவது வயரும் தனியாக, அந்தக் குறுக்குப் பாதை வழியே போகிறது. வழி எனக்கு அத்துப்படி — எந்த வளைவில் அட்டை கடிக்கும் என்பது உட்பட!