செருப்பை வைத்துச் சொன்ன பெயர்

அன்புவழிபுரத்தில் என் வீட்டுப் படலையைத் தட்டாமல் வருகிறவர்கள் சண்டைக்குத்தான் வருவார்கள். போன பங்குனியில் ஒரு காலை அவள் அதைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் குடை. வெயிலுக்குக் கொண்டுவந்தாளா, என்னை அடிக்கக் கொண்டுவந்தாளா என்று சொல்ல முடியாதபடி அதைப் பிடித்திருந்தாள். அவளைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். யுத்தம் சூடுபிடித்த காலத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான் இருந்தது.

“சேர், நீங்கள் உளவாளியளைப் பற்றிப் புத்தகம் எழுதுறீங்களாம். அதில எங்கட அப்பாவையும் போடப்போறீங்களோ?” என்றாள்.

கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. மகனுக்குத் திரியாயில் பேசியிருந்த சம்பந்தம் குழம்பிய கதையை நின்றபடியே சொன்னாள். நாள் குறித்த பிறகு பெண்ணின் தகப்பன் போனில் கூப்பிட்டு, தலையாட்டியின் பேரனுக்குத் தன் பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

“அப்பா செத்து எவ்வளவு காலம்! இன்னும் அவரைக் கொல்லுறாங்கள், சேர். உங்கட அண்ணனைக் குடுத்ததும் அவர்தான் எண்டு நீங்களும் நம்புறீங்கள், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் படிச்சவர். தேடிப் பாத்து எழுதுங்கோ. அவர்தான் எண்டால் அதையும் எழுதுங்கோ. நான் பிறகு வாயைத் திறக்கமாட்டன்.”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுடைய அப்பாவின் பெயரை இயக்கத்துக்குச் சொன்னவன் நான். அது அவளுக்குத் தெரியாது.

என் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் உளவு பார்த்தவர்களின் வரலாறு அது. வெள்ளைக்காரன் காலத்துப் பகுதியை எழுதும்போது எல்லோரும் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். எண்ணெய்த் தாங்கிகள் எங்கே இருக்கின்றன என்று ஜப்பான்காரனுக்கு யார் சொன்னது என்று கேட்டால் போதும், ஆளுக்கொரு கதை வந்துவிடும். அந்தச் சண்டையில் செத்தவர்கள் யாரோ, கொன்றவர்கள் யாரோ. எங்கள் சொந்த யுத்தத்துக்கு வந்ததும் அதே வாய்கள் மூடிக்கொண்டன. அதற்கு நான் மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் மூடியது என் வாய்தான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. சுற்றிவளைப்பு என்று வந்தால் ஆமிக்காரர் ஒழுங்கை ஒழுங்கையாக ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். வெயிலில் முழங்காலில் நிறுத்துவார்கள். பிறகு எங்களை வரிசையாக ஒருவனுக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். அவன் தலையைச் சாக்கால் மூடியிருக்கும், கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். அவன் தலையை ஆட்டினால் ஆள் முடிந்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் தலையாட்டி. சாக்கை நிமிர்ந்து பார்த்தால் துவக்குப் பிடியால் முகத்தில் இடிப்பார்கள். எனக்கு முன்னால் போன ஒருவருக்குப் பல் கொட்டுண்டதைப் பார்த்தேன். ஆகவே எல்லோரும் அவன் கால்களைப் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

அன்று அந்தக் கால்களில் ரயர் செருப்பு. வலது செருப்பின் வார் அறுந்து, பச்சை நைலோன் வலைக்கயிற்றால் தைத்திருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அப்பா, இறங்குதுறையில் கோதுமை மா மூட்டை சுமப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் குந்தியிருந்து அந்த வாரை அவரே தைத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று மைதானத்து வரிசையில் அவர் இல்லை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில் சாக்கு ஆடியது. எனக்கு முன்னால் நின்ற அண்ணனின் கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் என் கையைப் பற்றினான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அவற்றில் ஒன்று முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் அதற்குப் பிறகு வரவேயில்லை.

அன்று மத்தியானமே எங்களோடு படித்து இயக்கத்துக்குப் போன ஒருவனைத் தேடிப் போய்ச் சொன்னேன். “தலையாட்டி ஆரெண்டு எனக்குத் தெரியும். செருப்பைக் கண்டனான்.” அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், நிச்சயமோ என்று. நிச்சயம் என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குள் இருந்தது சந்தோசம். அதை நான் மறைக்கப்போவதில்லை.

மறுநாள் காலை சந்தி மின்கம்பத்தில் அவரைக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒரு வெடி, வாயில் ஒரு வெடி. கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை. பொழுது சாயும்வரை உடலை எடுக்கக்கூடாது என்பது உத்தரவு. மனைவி தெருவில் மயங்கிக் கிடந்தாள். ஒன்பது வயது மகள் கம்பத்துக்குக் கீழே நின்று காகங்களுக்குக் கல்லெறிந்துகொண்டிருந்தாள். ஒரு கல் தவறி அப்பாவின் நெஞ்சில் பட்டது. அவள் ஓடிப்போய் அந்த இடத்தைத் தடவிவிட்டாள். நான் எதிர்க் கடை மறைவில் நின்று அதையெல்லாம் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

அப்படிப்பட்ட நான்தான் வரலாறு படித்து, முப்பது வருடத்துக்குக் கிட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தேன். சான்று இல்லாமல் எழுதிய பிள்ளைகளின் விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடு கிழித்துத் தள்ளினேன்.

அவள் வந்துபோன பிறகு தேடத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், நான் சொன்னது சரிதான் என்று நிரூபிக்கவே தேடினேன். ஆமி முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நகரத்தில் இருக்கிறார். மூன்று முறை கதவைச் சாத்தியவர், நாலாவது முறை ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒவ்வொரு சுற்றிவளைப்புக்கும் யாரைச் சாக்குப் போட்டுக் கொண்டுபோனார்கள் என்று கள்ளமாகக் குறித்து வைத்திருந்தார். பெயர் எழுதப் பயம், ஆகவே ஊர், வயது, உடலில் ஓர் அடையாளம். “ஆரின்ரையாவது தாய் தகப்பன் ஒரு நாளைக்கு வந்து கேட்டால் சொல்லவேணும் எண்டு எழுதினனான். ஒருத்தரும் வரேல்லை,” என்றார்.

எங்கள் மைதானத்தின் நாளைக் கண்டுபிடித்தேன். வயது பதினெட்டு என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கொப்பியை மூடித் திரும்பவும் திறந்தேன். பதினெட்டுத்தான்.

கொப்பியில் இருந்த ஊர் ஒரு மீன்பிடி ஊர். எது என்று இங்கே எழுதமாட்டேன். அடையாளத்தையும் எழுதமாட்டேன். யாரும் தேடிப் போகவேண்டாம்.

நான் போனபோது அவர் கரையில் வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான். வந்த காரியத்தைச் சொன்னேன். மறுக்கவில்லை. எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கால் இரண்டையும் தூக்கிக் காட்டினார். தோல் சுருங்கி, வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள்.

“சூடு வைச்சவங்கள். நடக்க ஏலாமல் கிடந்தனான். உங்கட பக்கம் கொண்டுபோக முதல் ஒரு செருப்புக் குவியலைக் காட்டி, போடு எண்டாங்கள். துறைமுகத்து வாசலில மறிச்ச வேலையாக்களின்ர செருப்பு எண்டு கதைச்சவங்கள். எனக்குக் கிடைச்சது பெரிசு. பச்சைக் கயித்தால தைச்சது. கயிறு புண்ணில உரசி உயிர் போச்சு, அதாலதான் ஞாபகம்.”

“எங்கட ஒழுங்கையில உங்களுக்கு ஆரைத் தெரியும்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஒருத்தரையும் தெரியாது. தலை ஆட்டாட்டில் பின்னால நிக்கிறவன் கம்பியால குத்துவான். அதால எண்ணிக்கொண்டு ஆட்டினனான். ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும்.”

அண்ணன் பத்தாவதாக நின்றிருக்கிறான். நான் அவனுக்கு அடுத்ததாக நின்றேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்த துடுப்புக் கட்டையை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. முதல் அடி தோளில். அடுத்தது காதோரம். அவர் மணலில் சரிந்தார், நான் ஏறி நின்று முதுகில் அடித்தேன். வாழ்நாள் முழுக்கத் தேடிய ஆள் கையில் கிடைத்தால் இப்படித்தான் அடிப்பேன் என்று பல தடவை நினைத்ததுண்டு. ஆனால் கை ஓய்ந்ததும் கட்டையை மணலில் போட்டேன். அவர் எழும்பி உட்கார்ந்து, வாயில் வந்த இரத்தத்தைத் துப்பினார்.

“உங்கட அண்ணன்ர பேர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். அதை மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொன்னார். “எனக்கு ஒருத்தற்ற பேரும் தெரியாது. அதுதான் கேட்டனான்.”

இரண்டு நாள் நான் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். மகன் முற்றத்தில் ஓட்டோவின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். கொப்பியில் கண்டதையும், செருப்புக் குவியலையும், பத்தாவது ஆளையும் சொன்னேன். யார் என்பதைச் சொல்லவில்லை. அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“வெறுங்காலோட வந்தவர்,” என்றாள். “சுத்திவளைப்புக்கு ரெண்டு நாளைக்கு முதல் அப்பா வேலையால வெறுங்காலோட வந்தவர், சேர். தார் றோட்டால நடந்து கால் கொப்பளிச்சுப் போச்சு. ஆமி மறிச்சது எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை, உள்ள போய் என்ன சொன்னனீ எண்டு இயக்கப் பொடியள் கேப்பாங்கள் எண்டவர். நானும் அம்மாவும் மூச்சு விடேல்லை. சுத்திவளைப்பு நடந்த அண்டைக்கு விடியமுதலே துறைமுகத்துக்கு வேலைக்குப் போட்டார்.”

இதுதான் எங்கள் ஊரின் கேடு. அன்றைக்கு ஆமி மறித்து விட்டுவிட்டவனை ஊர் சும்மா விடாது. எதைச் சொல்லி வெளியே வந்தாய் என்று கேட்கும். ஆகவே பிடிபட்டதை எல்லோரும் மறைத்தார்கள். அவர் வாயைத் திறந்து, செருப்பு ஆமியிடம் போய்விட்டது என்று வேலிக்கு மேலால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கமாட்டேன்.

மகன் எழும்பி வந்தான். “ஆர் சேர் அவன்? பேரைச் சொல்லுங்கோ.”

“சொல்லமாட்டன்.”

“நீங்கள் ஆர் மறைக்க? எங்கட தாத்தாவைக் கம்பத்தில கட்டினவங்கள்.”

“அந்தப் பேரைச் சொன்னதும் நான்தான்,” என்றேன். “செருப்பைக் கண்டு, நிச்சயம் எண்டு சொன்னது நான்.”

அவன் கையில் இருந்த வீல் ஸ்பானர் என்மேல் வந்தது. தலையைக் காப்பாற்றத் தூக்கிய கையில் விழுந்தது. எலும்பு உடைந்ததை முழங்கைவரை உணர்ந்தேன். விழுந்த பிறகு விலாவில் உதைத்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் சரி. அவள் நிலத்தில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை உதை என்று அவள் எனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தாள் போலும். அது முடிந்ததும், “காணும், விடு” என்றாள்.

மகன் மூச்சிரைத்தபடி, பேரைச் சொன்னால் விடுகிறேன் என்றான். சொன்னால் அவன் அன்று மாலைக்குள் அந்தக் கரைக்குப் போவான், வள்ளம் எரியும், ஆள் மிஞ்சமாட்டார். எனக்கு அவனைத் தெரியும். பதினேழு வயதில் நான் அவனாக இருந்தேன். வாயில் மண்ணோடு, சொல்லமாட்டேன் என்றேன்.

“பேர் இல்லாமல் சொன்னால் ஆர் சேர் நம்புவினம்?” என்று கேட்டாள் அவள். “திரியாயில போய் நான் என்னெண்டு சொல்ல? ஆரோ ஒருத்தன், அப்பா இல்லை எண்டோ?”

“என்ர பேரைச் சொல்லுங்கோ.”

“நான் சொன்னால் காணாது. நீங்கள் வந்து சொல்லவேணும்.”

பத்து நாள் கழித்துக் கையில் மாவுக்கட்டோடு திரியாய்க்குப் போனேன். ஓட்டோவை மகன்தான் ஓட்டினான், அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். குச்சவெளி தாண்டியும் பாதை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் விலா உயிரை எடுத்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெண்ணின் தகப்பன் முற்றத்துக்கு வந்தார். வயல் வேலையில் முறுகிய மனிதர். அந்தக் காலம் அப்படி, நான் சின்னப்பெடியன், அண்ணன் போன துக்கம் என்று வழியெல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. என் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னேன். இவளுடைய அப்பா ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை, நான்தான் பொய்யான சாட்சி சொல்லி அவரைக் கொல்லக் கொடுத்தேன் என்றேன்.

அவர் என் கைக்கட்டையும் முகத்தையும் நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப அந்த ஒழுங்கையில காட்டிக்குடுத்தவர் நீங்கள்தான்.”

“ஓம்.”

“உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?”

“ஒரு மகள். இன்னும் கலியாணம் பேசேல்லை.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தாயையும் மகனையும் மட்டும் பார்த்து, “உள்ளுக்கு வாங்கோ” என்றார்.