மலடி என்று பெயர் வாங்கிய முயல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிய அந்த வீடுகளில், மலடி என்ற சொல் முதலில் என் மேல் விழுந்தது. பிறகு என் முயல் மேல் விழுந்தது. இரண்டு தடவையும் சொன்னது என் மாமியார்தான்.

ஹட்டனில் இறைச்சி விலையைக் கேட்டாலே வயிறு எரிகிற நேரம். கறிக்கு நாமே வளர்க்கலாம் என்று லயத்துக்குப் பின்னால் கூடு அடித்து, ஒரு சோடி வெள்ளை முயல் வாங்கினோம். பெட்டையை நான்தான் பார்த்து எடுத்தேன். எட்டுக் காம்பும் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், தாய் நிறையக் குட்டி போடுமா என்று விசாரித்தேன். ஆணை என் வீட்டுக்காரர் எடுத்தார். ஆள் பெரிசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

பெட்டையைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணை இதன் கூட்டில் விட்டால் பெட்டை அதைக் கடித்துக் குதறிவிடும். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, மாலையில் நானே தூக்கிப் போய் விடுவேன். மாதங்கள் போயின. வயிற்றைத் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"மலட்டு மொயலுக்கு எதுக்குப் புல்லறுத்துப் போடுறீங்க? தீவாளிக்கு வெட்டிருங்க," என்றார் மாமியார், என்னைப் பார்த்துக்கொண்டே. இறம்பொடையில் மகனுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சும் அப்போதே தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, எனக்குக் குறை இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வாங்க என்றார்கள். "எனக்கென்ன கேடு?" என்று அவர் சீறினார், வரவில்லை. பெட்டையை மலடி என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வரும். ஆணைச் சொல்ல ஒருத்தரிடமும் வார்த்தை இல்லை.

யாருக்கும் சொல்லாமல் பெட்டையைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, டிக்கோயா பஸ் ஏறினேன். அங்கே முயல் வளர்க்கும் அக்காவிடம் ஒரு கறுப்பு ஆண் இருந்தது. "பொட்டைய கொற சொல்றதுக்கு முந்தி ஆண மாத்திப் பாக்கணும், தங்கச்சி," என்றார்.

இரண்டு வாரம் போனதும் தடவினேன். வயிற்றுக்குள் திராட்சை திராட்சையாக உருண்டைகள் தட்டுப்பட்டன. வீட்டுக்காரர் தீபாவளிக்கென்று இப்போதே கத்தியைத் தீட்டி வைத்திருந்தார்.

"வெட்டாதீங்க, சினையா இருக்கு," என்றேன்.

"இத நீ சொல்லித்தான் நாங்க நம்பணுமாக்கும்!" என்றார் மாமியார். "தீவாளிக்குள்ள போடலன்னா சட்டிதான்."

தீபாவளி நெருங்க நெருங்க, நாளுக்கு நாலு தடவை கூட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டு நாள் இருக்கும்போது, பெட்டை தன் வயிற்று முடியைப் பிடுங்கி, குட்டி போட நான் வைத்திருந்த பெட்டியில் பரப்பியது. மறுநாள் விடிந்ததும் முடிக்குள் குட்டிகள் நெளிந்தன. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, எம்மகன் புடிச்ச ஆணு! மொயலே பெத்துருச்சு. கொற யாருகிட்டன்னு இப்பவாவது தெரியுதா?"

போதும் என்றாகிவிட்டது எனக்கு. குட்டி ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். முடி முளைக்காத தோலெல்லாம் கறுப்பு.

"இது உங்க மகன் புடிச்ச ஆணுக்குப் பொறக்கல, மாமி. ரெண்டு வெள்ளைக்கு கறுப்பு எங்கருந்து வரும்? டிக்கோயாவுல வேற ஆணுகிட்ட விட்டுக் கொண்டாந்தேன். பொட்ட அதே பொட்டதான். மாத்துனது ஆண மட்டுந்தான்."

மாமியார் குட்டியை உற்றுப் பார்த்தார். வீட்டுக்காரர் கூட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"குட்டிய உள்ள வையி, குளுரும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு... காலையில எந்த பஸ்ஸு?"