செல்லத்துரை அண்ணாச்சி மாட்டிய பலகை

போன புதன்கிழமை, புஜைராவிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் லாரி டிரைவர் மணி, வண்டியை அணைக்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னான்: "அண்ணே, நம்ம பெயிண்டர் அண்ணாச்சி போயிட்டாரு. காலைல டூட்டிக்குக் கிளம்பி பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்." லாரி வந்த நேரத்தைக் குறிக்கக் கையில் பேனாவோடு நின்றேன். டைம் கீப்பர் வேலையில் எட்டு வருடமாக நான் நேரம் குறிக்காமல் விட்ட ஒரே வண்டி அதுதான்.

இந்த வளைகுடா மண்ணில், அல் கூஸ் தொழிலாளர் முகாமில் அவரோடு இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களும் படியுங்கள். மெஸ்ஸில் நீங்கள் சாப்பிடும்போது தலைக்கு மேலே இருக்கும் பலகை யாருடைய வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

எழுபத்தெட்டாம் வருடத் தொடக்கத்தில் அவர் வந்தார். 'அபாயம்', 'தலைக்கவசம் அணிக' என்று கம்பெனிக்கு எச்சரிக்கைப் பலகை எழுதுவது வேலை. ஊர், இலங்கையின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ரயில் நிலைய நகரம். அங்கே கடைவீதி முழுக்க இவர் எழுதிய பலகைகள்தான். எழுபத்தேழு ஆகஸ்டில் தமிழர்கள் மீது நடந்த வன்முறையில் அந்தக் கடைவீதி எரிந்தது. இவருடைய பட்டறையும் வீடும் எரிந்தன. மனைவியையும் இரண்டு பெண்களையும் யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். இதையெல்லாம் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு ஆறு மாதம் ஆனது. சும்மா கேட்டால், "விடுங்கோ, டீ ஆறுது" என்பார்.

ஆகஸ்ட் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கான்கிரீட்டுக்கு அடைப்பு வைக்கும் ப்ளைவுட் ஒன்றைத் தேய்த்து, வெள்ளையடித்து, மெஸ் சுவரில் மாட்டினார். கறுப்பு எழுத்தில் பதினேழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தொழிலும் வயதும். தையல்காரர், நாற்பத்தொன்று. பேக்கரி, அறுபது. பள்ளி மாணவி, பதினான்கு. மேலே ஒரே வரி: 'எங்கள் கடைவீதியில் கொல்லப்பட்டவர்கள்.'

முகாமில் உடனே சலசலப்பு. "சோறு திங்கிற எடத்துல சாவு லிஸ்ட்டா?" என்று எங்கள் திருநெல்வேலி ஆட்களே முகம் சுளித்தார்கள். இன்னும் சிலருக்கு வீரம் பொங்கிவிட்டது. கீழே பழிக்குப் பழி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். "அது என்ர பலகையிலை வராது" என்று அண்ணாச்சி தட்டைக் கழுவப் போய்விட்டார். முகாமில் இருந்த ஒன்பது சிங்களத் தொழிலாளர்கள் அன்று மதியத்திலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பிறகு நம்மவர்கள் செய்த காரியம் இருக்கிறதே! நல்லது செய்வதாக நினைத்துப் பலகையின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர்களும் உண்டு. குங்குமம் வழிந்து பள்ளி மாணவியின் பெயர் பாதி மறைந்துபோனது. அண்ணாச்சி கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மாலையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்.

"தம்பிமாரே, இதுகள் சாமியாகேல்லை. கொன்றுபோட்டாங்கள். கும்பிட்டுட்டுப் போனா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். இது வாசிக்கிறதுக்கு."

மாலை போட்டவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி அந்தப் பலகை இருக்கக் கூடாது என்று ஒரு மனு தயாரானது. முப்பது கையெழுத்து. 'உணவுக்கூடத்தின் அமைதி கருதி' என்று தொடங்கும் அந்த ஆங்கில மனுவை எழுதியது யார் என்று உங்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது. நான்தான். வேலைக்கு வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று நினைத்தேன். வாக்கியங்கள் நன்றாக அமைந்ததில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

முகாம் பொறுப்பாளர் கான் சாயபு பெஷாவர்காரர். மனுவை என்னிடம் வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். "தமிழ் ஆத்மி லிக்கா, தமிழ் ஆத்மி கம்ப்ளெயின்ட் கியா. சிலோன்வாலா லோக் போலேகா தோ போர்டு கலாஸ், பெயிண்டர் பி கலாஸ்." அதாவது, எழுதினதும் தமிழர், புகார் சொல்வதும் தமிழர்; சிங்களவர்கள் புகார் சொன்னால் பலகையும் போகும், எழுதினவரின் விசாவும் ரத்தாகும். வெள்ளிக்கிழமை மெஸ்ஸுக்கு வந்து அவர்களையே கேட்கப் போவதாகச் சொன்னார்.

பலகையைக் கழற்றத்தான் எழுதினேன், ஆளைக் கழற்ற அல்ல. திருப்பி அனுப்பினால் அவர் எங்கே போவார்? அவர் அனுப்பும் பணத்தில்தான் அங்கே மூன்று பேர் சாப்பிடுகிறார்கள். ஓடிப்போய், "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்கு முந்தி நீங்களே எடுத்திருங்க. சிங்களத்தாளுக ஒம்போது பேரு. அதுல ஒருத்தன் வாயத் தொறந்தாலும் கம்பெனி உங்க விசாவ கேன்சல் பண்ணிரும்" என்றேன்.

அவர் தூரிகையை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். "அவையளுக்கு அதிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?"

"தமிழ்ல இருக்குறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஏதோ திட்டி எழுதியிருக்குன்னுதான் நெனைக்கிறாங்க."

"அது என்ர பிழைதான்" என்றார். வியாழக்கிழமை டூட்டி முடிந்து பலகையைக் கழற்றியபோது, நல்லவேளை, மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று நிம்மதியானேன். இறங்கி எல்லாம் வரவில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் கீழே அதே பெயரைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மேலே இருந்த வரியையும் ஒரு சொல் குறையாமல் எழுதினார். அவர் ஊரில் கடைப் பலகைகளை இரண்டு எழுத்திலும் எழுதித்தான் பழக்கம். கை தயங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மெஸ் நிறைந்துவிட்டது. "நம்ம ஆளுக பேர அவன் எழுத்துல எழுதுறதா?" என்று இப்போது தமிழர்கள் குதித்தார்கள். கான் சாயபு ஒன்பது பேரையும் வரவழைத்துப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கிரேன் மெக்கானிக் சிறிபால முன்னால் வந்தான். முப்பது வயதுக்காரன், அதிகம் பேசாதவன். உதடு அசைய முதல் பெயரிலிருந்து கடைசிவரை படித்தான். தையல்காரர் பெயருக்கு வந்ததும் கொஞ்சம் நின்றான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"கம்ப்ளெயின்ட் ஹை?" என்றார் கான் சாயபு.

"ஹை" என்றான். புகார் இருக்கிறது.

அண்ணாச்சியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கூட்டத்தில் யாரோ, "முடிஞ்சுது" என்றார்கள்.

சிறிபால கான் சாயபுவின் பக்கம் திரும்பவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "மாஸ்டர், ஒரு பேர் இல்ல. சோடாக் கடை மயில்வாகனம். ஸ்டேஷனுக்குப் பின்னால. எங்க ஊர் பக்கத்துலதான், சந்தைக்கு வருவேன். அன்னிக்கு நான் அங்க நின்னேன். பார்த்தேன். ஒண்ணும் செய்யல்ல."

அவனோடு வந்தவர்களில் ஒருவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். அவன் உதறினான். அண்ணாச்சி இடத்தில் நான் இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஏன் தடுக்கவில்லை, யார் யார் வெட்டினார்கள், நீயும் அதில் இருந்தாயா என்று கேட்டிருப்பேன். பலகையில் மூன்றாவது பெயர் அண்ணாச்சியின் சொந்தத் தம்பி. அதை அவர் புஜைராவுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போயிட்டாரெண்டு நினைச்சிருந்தன். அவருக்கு என்ன வயசு இருக்கும், தம்பி?"

"அம்பது... அம்பத்தஞ்சு."

பெயிண்ட் டப்பாவை எடுத்துவரச் சென்றார். கான் சாயபு, விடுபட்ட ஒரு பெயர்தான் புகார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனுவை என் சட்டைப் பையில் செருகிவிட்டு வெளியே போனார்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத மாட்டேன். ஒன்பது பேரில் ஐந்து பேர் கடைசிவரை ரூமில்தான் சாப்பிட்டார்கள். சிங்கள எழுத்துக்காக அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்திய தமிழர்களும் இருந்தார்கள். சிறிபால மட்டும் தினமும் அந்தப் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். மனு எழுதியது நான்தான் என்று நானே போய்ச் சொன்னபோது, அண்ணாச்சி சிரித்தார். "தெரியும். அந்த இங்கிலீசு இந்த முகாமிலை வேற ஆருக்கு வரும்?" அதற்குப் பிறகும் தினமும் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்தார்.

அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்பதில் எனக்குப் பெருமை, சாதாரணப் பெருமை இல்லை. பெரிய மனிதர்கள் ஆள் உயரத்துக்குச் சிலை வைக்கிறார்கள். இவர் மிச்ச ப்ளைவுட்டில் உண்மையை எழுதி, கேட்க விரும்பாதவர்களும் படிக்கும்படி மாட்டினார். அதைப் படித்த ஒருவனுக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. தன் வேலையையே பணயம் வைத்து இதைச் செய்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வேலை. மெஸ்ஸுக்குப் புது வெள்ளை அடிக்கப் போகிறார்களாம்; சுவரில் இருப்பதையெல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுப்போம். சுவர் காய்ந்ததும் அதே ஆணியில் என் கையால் மாட்டுவேன். பலகை பிடிக்காதவர்கள் என்னிடம் வாருங்கள், பேசுவோம். விட்டுப்போன பெயர் யாருக்காவது தெரிந்திருந்தால், எந்த மொழிக்காரரானாலும், அவரும் வாருங்கள். வயதை மட்டும்தான் கேட்பேன்.