பூட்டில்லாமல் போன டிஸ்க்

எண்பதுகளின் கடைசியில் மன்னார்புரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். பார்சல் கட்டுவது, தபாலாபீசுக்குப் போவது, அவ்வளவுதான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு, இழுத்தேனா என்று யோசிப்பேன்.

சிங்கப்பூர் வியாபாரி ஒருவருக்குச் சம்பளக் கணக்குப் போடும் ப்ரோகிராமை ப்ளாப்பி டிஸ்கில் அனுப்ப வேண்டியிருந்தது. எழுதியவள் எங்கள் ஆபீசின் ஒரே ப்ரோகிராமர், ஸ்ரீரங்கத்துப் பெண். அதில் ஒரு பூட்டு உண்டு. ரகசியச் சொல்லைத் தட்டினால்தான் சம்பளம் தெரியும்; இல்லையென்றால் திரை முழுக்கக் கிறுக்கல். டிஸ்கை என்னிடம் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்.

"இந்தப் பூட்டு மட்டும் நான் எழுதலைண்ணா. நம்ம கம்ப்யூட்டரோட அமெரிக்காலேர்ந்து வந்தது. அவா அனுமதியில்லாம வேற தேசத்துக்கு அனுப்ப மாட்டோம்னு சார் எழுதிக் குடுத்திருக்கார்."

பார்சலோடு போகும் சுங்கச் சீட்டில் அனுப்புகிறவர் என்று கையெழுத்துப் போடுவது நான்.

அனுப்பலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். சிரித்தார். "அமெரிக்காக்காரன் மன்னார்புரம் ஸ்டாப்புல வந்து நிக்கப் போறானா? போயிட்டு வாங்க."

பெரிய தபாலாபீசில் வரிசையில் நின்றேன். என் முறை வரும்போதெல்லாம் பின்னால் இருப்பவரை முன்னே விட்டேன். போலீஸ் பிடித்தால் வீட்டுக்கு யார் சொல்வார்கள், வேலையை விட்டால் அடுத்து எங்கே போவது என்று மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, கியூவுல நிக்கிறீங்களா, கியூவைக் காவல் காக்குறீங்களா?"

பார்சலோடு திரும்பிவிட்டேன். முதலாளி முகம் கடுத்தது. சுங்கச் சீட்டை அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், அனுப்புறவர்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"இதுக்கா இவ்வளவு?" என்று பேனாவைத் திறந்தார். சீட்டின் மேல் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். "ஏம்மா, அன்னிக்கு நான் எழுதிக் குடுத்தேனே, அதோட காப்பியை எடு" என்றார் அந்தப் பெண்ணிடம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அன்றுதான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. பேனாவை மூடினார்.

"பூட்டை எடுத்துட முடியுமா?"

"எடுத்துடலாம் சார். அப்புறம் யார் வேணா சம்பளத்தைப் பார்க்கலாம்."

அவர் சிங்கப்பூருக்கு டிரங்க் கால் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "பூட்டு வராதுங்க. டிஸ்கை பீரோவுல வெச்சுப் பூட்டிக்குங்க." வியாபாரி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டாராம்.

மறுநாள் பூட்டை எடுத்த புது டிஸ்கைப் போட்டு அந்தப் பெண் என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். "நீங்களே படிங்கோண்ணா." எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் படிப்பேன். படித்தேன். ரகசியச் சொல் கேட்காமலே பெயரும் சம்பளமும் பளிச்சென்று தெரிந்தன. என்னாலேயே படிக்க முடிகிறதென்றால் பூட்டு இல்லை. பார்சல் கட்டி, தபாலாபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். கவுண்டர்காரர் சீட்டைப் படிக்கக்கூட இல்லை. முத்திரையை ஓங்கிக் குத்தித் தள்ளிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை, அதற்குள் மனசு அரிக்க ஆரம்பித்தது. பழைய டிஸ்கும் கறுப்பு, புது டிஸ்கும் கறுப்பு. நான் கட்டியது எது? இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து ஆபீசுக்கு ஓடினேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். என் மேஜையைக் காட்டினாள். பூட்டு இருந்த பழைய டிஸ்க், அவள் கையெழுத்தில் லேபிளோடு, கத்தரிக்கோலால் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"வருவேள்னு தெரியும். அதான் வெட்டி வெச்சேன்."

துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தின. இன்னொரு நகல் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிவிட்டாள்.