கழுத்துக்குக் கீழே கனகா

இறந்தவர்களுக்குப் படம் செய்வதில் காளவாசல் பீமாராவ் ஸ்டூடியோவுக்கு நல்ல பெயர். பீமாராவின் அப்பா காலத்தில் பிணத்தை நாற்காலியில் சாத்தி வைத்துப் படம் எடுத்து, அப்புறம் தூரிகையால் கண்ணைத் திறந்துவிடுவார்கள். இவர் காலத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வாக்காளர் அட்டையில் இருக்கும் கட்டைவிரல் அளவு முகம் போதும். அதை வெட்டிப் பெரிதாக்கி, பட்டுச்சேலை கட்டிய ஓர் உடம்பின்மேல் ஒட்டி, பின்னால் நீல மேகத்தை ஓடவிட்டால், ஆயுளெல்லாம் களை பறித்தவள்கூட மகாராணியாக உட்கார்ந்திருப்பாள்.

ஒட்டு வேலையைச் செய்தவள் கனகா. உடம்பும் அவளுடையதுதான். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுப்பதற்காக, ஸ்டூடியோவில் கிடந்த அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டி, கவரிங் காசுமாலையைப் போட்டுக்கொண்டு அவள் எடுத்த படம் அது. உடம்பு அம்சமாக விழுந்திருக்கிறதென்று பீமாராவ் அதையே எல்லாருக்கும் அச்சாக வைத்துக்கொண்டார். உசிலம்பட்டிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் கனகா கழுத்துக்குக் கீழே செத்துப்போயிருந்தாள். கழுத்திலிருந்த மச்சத்தை மட்டும் அவள் அழிக்கவில்லை. அது ஒன்றாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

2004இல் தரகர் அவளுடைய படத்தை உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை முத்துக்கருப்பனும் அவன் தம்பிகளும் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சுவரில் மாலையோடு அவர்களுடைய அம்மா பாண்டியம்மாள். அதே தோள், மடியில் அதே கை. சேலைகூட ஒன்றாக இருக்கிறதே என்று ஒருத்தனுக்காவது உறைத்திருக்க வேண்டும். அம்மாவுக்காகத் தவித்துக் கிடந்தவர்களுக்கு எங்கே உறைக்கும்? ஆத்தாவே பெண் பார்த்து அனுப்பிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

விளக்கேற்ற உள்ளே வந்த அன்றுதான் கனகா சுவரைப் பார்த்தாள். அப்போது கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

கொழுந்தன்மார் அவளை ஆத்தா என்றே கூப்பிட்டார்கள். ஆத்தா வேலைக்குப் போனதில்லை, அதனால் ஸ்டூடியோ நின்றது. ஆத்தா பிறந்த வீட்டில் ராத்தங்கியதில்லை, அதனால் அதுவும் நின்றது. அமாவாசைக்கு அமாவாசை தன் கழுத்துக்குத் தானே மாலை போட வேண்டியிருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் புருஷனிடம் சொன்னாள்.

“அந்தப் படத்துல கழுத்துக்குக் கீழ இருக்கிறது நாந்தான்.”

முத்துக்கருப்பன் உருகிப்போனான். “அதான் எங்களுக்குத் தெரியுமே. அதுக்குத்தான உன்னையத் தேடிக் கட்டுனோம்.”

கம்ப்யூட்டரைப் பற்றி அவள் ஆரம்பிப்பதற்குள் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

அடுத்த அமாவாசை. மகன்கள் வாசலில் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாமனார் ஆண்டிச்சாமி படத்தின் முன்னால் நின்று, கண்ணாடியில் அந்த மச்சத்தின்மேல் விரலை வைத்தார்.

“பாண்டியம்மாளுக்கு இந்த மச்சம் கெடையாது தாயி.”

கனகாவுக்கு உயிர் வந்தது. இந்த வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள்.

“பயலுகளுக்குத் தெரிய வேணாம்,” என்றார் அவர். “அவ போனப்ப சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாய்ங்க. இப்பத்தான் வீடு தங்குறாய்ங்க. நீ இப்பிடியே இருந்துரு.”

மாலையைச் சற்று இழுத்து மச்சத்தை மறைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மகன்களும் உள்ளே வந்தார்கள். கனகா இலை போட்டாள்.